இமாம் கஸ்ஸாலி ஏன் வகுப்பை விட்டுச் சென்றார்கள்? கல்வியாண்டு முடிவில் ஆசிரியர்கள் நினைத்துப் பார்க்க ஒரு வாழ்க்கை

கல்வியாண்டு ஒன்று முடியும்போது பாடசாலைகளில் எல்லாவற்றுக்கும் கணக்கு எடுக்கப்படுகிறது. விடைத்தாள்கள் திருத்தப்பட்டு, புள்ளிகள் பதியப்பட்டு, தேர்ச்சி அறிக்கைகள் பெற்றோரின் கைக்குப் போகின்றன. எத்தனை பேர் சித்தியடைந்தார்கள், எத்தனை பேர் தவறினார்கள், பாடத்திட்டம் எவ்வளவு முடிந்தது என்பதற்கெல்லாம் படிவங்கள் இருக்கின்றன. ஆனால் ஓர் ஆசிரியர் தன்னைப் பற்றி எடுக்க வேண்டிய கணக்குக்கு எந்தப் படிவமும் கிடையாது. அதிபரும் அதைக் கேட்பதில்லை, வலயக் கல்வி அலுவலகமும் கேட்பதில்லை.

அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்து, அதன் முடிவுக்கு அஞ்சி, அக்கால உலகின் மிகப் பெரிய ஆசிரியர் பதவியொன்றையே விட்டுச் சென்ற ஒருவர் நம் வரலாற்றில் இருக்கிறார். அவர்தான் இமாம் அபூஹாமித் முஹம்மத் அல்கஸ்ஸாலி (ரஹ்). ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்றும், இஹ்யா உலூமித்தீன் என்ற பெருநூலின் ஆசிரியர் என்றும் நாம் அவரை அறிவோம். நமது அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் ஷாபிஈ பிக்ஹு நூல்களின் பின்னாலும் அவருடைய உழைப்பு இருக்கிறது. இமாம் நவவியின் மின்ஹாஜ், இமாம் ராபிஈயின் முஹர்ரரைச் சுருக்கி எழுதப்பட்டது. அந்த ராபிஈ, கஸ்ஸாலியின் வஜீஸ் என்ற நூலுக்கு விரிவுரை எழுதியவர். இவ்வளவு தெரிந்திருந்தும், அவர் அடிப்படையில் ஒரு வகுப்பறை ஆசிரியர் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

இமாம் அவர்கள் ஹிஜ்ரி 450இல், அதாவது கி.பி. 1058இல், குராஸானில் உள்ள தூஸ் நகரப் பகுதியில் பிறந்தார்கள். இன்று அது ஈரானின் வடகிழக்கில், மஷ்ஹத் நகருக்கு அருகே இருக்கிறது. தந்தை கம்பளி நூற்று விற்றுப் பிழைத்த ஏழை என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தனக்குப் படிக்கக் கிடைக்கவில்லை என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது. மரணம் நெருங்கியபோது, முஹம்மத், அஹ்மத் என்ற தன் இரு ஆண் பிள்ளைகளையும் கையில் இருந்த சிறு தொகையையும் ஸூபியான ஒரு நண்பரிடம் ஒப்படைத்தார். பிள்ளைகளைப் படிப்பிக்க வேண்டும் என்பதே அவருடைய வஸிய்யத்.

அந்தப் பணம் விரைவிலேயே தீர்ந்துவிட்டது. நண்பரும் ஏழை. மத்ரஸாவில் சேர்ந்தால் மாணவர்களுக்குச் சாப்பாடு கிடைக்கும், அங்கே போங்கள் என்று அவர் பிள்ளைகளுக்குச் சொன்னார். அப்படித்தான் அவர்களுடைய கல்வி ஆரம்பமானது. தாங்கள் அல்லாஹ்வுக்காக அல்லாமல் வேறொன்றுக்காகவே கல்வியைத் தேடிப் போனதாகவும், கல்வியோ அல்லாஹ்வுக்காக அன்றி வேறெதற்கும் இசைய மறுத்துவிட்டதாகவும் இமாம் அவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். வயிற்றுக்காகப் பாடசாலைக்கு வரும் பிள்ளைகள் இன்றும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். காலைச் சாப்பாடு இல்லாமல் பின்வாங்கில் அமர்ந்திருக்கும் அப்படியொரு பிள்ளை நாளை யாராக வரும் என்று எந்த ஆசிரியராலும் சொல்ல முடியாது.

தூஸில் ஆரம்பப் படிப்பை முடித்து, இளைஞர் கஸ்ஸாலி ஜுர்ஜானுக்குப் போய் ஓதினார்கள். ஆசிரியர் சொன்னதையெல்லாம் குறிப்புகளாக எழுதி மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர் வழிமறித்த சம்பவத்தை வரலாற்றாசிரியர் ஸுப்கி பதிவு செய்திருக்கிறார். கொள்ளையர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக, இமாம் அவர்கள் அவர்களைப் பின்தொடர்ந்து போய், அந்தக் குறிப்புகளை மட்டும் தந்துவிடும்படி தலைவனிடம் கெஞ்சினார்கள். அதில்தான் தன் கல்வி இருக்கிறது என்றார்கள். தலைவன் சிரித்தான். நாங்கள் கடதாசிகளைப் பறித்ததும் கல்வியே இல்லாமல் போய்விட்டதென்றால், படித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டுவிட்டு மூட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னான். அந்தக் கேள்வியை அல்லாஹ்வே தன்னை நோக்கிக் கேட்க வைத்ததாக இமாம் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஊர் வந்து மூன்று வருடங்கள் செலவிட்டு, குறிப்புகள் அனைத்தையும் மனதில் பதிய வைத்தார்கள்.

ஆசிரியர் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தச் சம்பவம் நன்றாகவே புரியும். பத்து வருடத்துக்கு முன் எழுதிய பாடக் குறிப்பை ஒவ்வொரு ஆண்டும் புதுக் கொப்பியில் பிரதி பண்ணிக்கொண்டு போவது பாடசாலைகளில் புதினமான விடயமல்ல. அந்தக் கொப்பி இல்லாமல் வகுப்புக்குப் போனால் நம்மிடம் என்ன இருக்கும் என்பது ஆண்டு முடிவில் கேட்டுப் பார்க்கத்தக்க கேள்வி.

பின்னர் இமாம் அவர்கள் நீஷாபூர் சென்று, இமாமுல் ஹரமைன் அல்ஜுவைனியின் மாணவரானார்கள். அங்கே படிக்கும் காலத்திலேயே தன் சக மாணவர்களுக்குப் பாடத்தை விளக்கிக் கொடுத்தார்கள். ஹிஜ்ரி 478இல், கி.பி. 1085இல், ஆசிரியர் வபாத்தானதும் ஸெல்ஜூக் ஆட்சியின் அமைச்சர் நிழாமுல் முல்க்கின் அவைக்குச் சென்றார்கள். அங்கு கூடியிருந்த அறிஞர்களுடனான விவாதங்களில் அவர்களுடைய திறமை வெளிப்பட்டது. ஹிஜ்ரி 484இல், கி.பி. 1091இல், பக்தாத் நிழாமிய்யா மத்ரஸாவின் ஆசிரியராக நிழாமுல் முல்க் அவர்களை நியமித்தார். அப்போது வயது 33 அளவில்தான்.

நிழாமிய்யா 1067இல் திறக்கப்பட்ட, அக்காலத்தின் தலைசிறந்த கல்வி நிலையம். அதன் ஆசிரியர் பீடம் அமைச்சர்களும் கலீபாவின் அவையும் மதிக்கும் இடம். இமாம் அவர்களின் வகுப்பில் 300 மாணவர்கள் இருந்தார்கள். இத்தனை வேலைக்கிடையிலும், பாடம் நடத்தி நூல் எழுதியது போக மிஞ்சிய நேரத்தில், கிரேக்க வழித் தத்துவ நூல்களை ஆசிரியர் எவரின் உதவியும் இல்லாமல் தானே வாசித்து இரண்டு வருடத்துக்குள் புரிந்துகொண்டார்கள். மேலும் ஏறக்குறைய ஒரு வருடம் அவற்றைத் திரும்பத் திரும்ப ஆராய்ந்தார்கள். தத்துவவாதிகளை விமர்சிக்கும் தஹாபுத்துல் பலாஸிபா அந்த உழைப்பின் விளைவு. நேரமில்லை என்பதால் புதிதாக ஒன்றும் வாசிக்க முடியவில்லை என்று சொல்லும் ஆசிரியர்களுக்கு இந்தப் பகுதி ஒரு பாடம்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்த ஆசிரியரின் ஆண்டு அறிக்கையில் ஒரு குறையும் இல்லை. மாணவர் தொகை நிறைந்திருந்தது, நூல்கள் வெளிவந்தன, புகழ் பரவியது. ஆனால் உள்ளே வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை அல்முன்கித் மினல் ழலால் என்ற தன் சுயசரிதை நூலில் இமாம் அவர்கள் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்கள். தான் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் சிறந்தது கற்பித்தல்தான். அந்தக் கற்பித்தலில் தன் நிய்யத் என்ன என்று பார்த்தபோது, அது அல்லாஹ்வுக்காக மட்டும் இருக்கவில்லை. பதவியும் பெயரும் பரவ வேண்டும் என்ற ஆசையே தன்னை வகுப்புக்குத் தள்ளிக்கொண்டு போகிறது என்று கண்டார்கள்.

ஹிஜ்ரி 488 ரஜப் மாதம், 1095இன் நடுப்பகுதியில், இந்தப் போராட்டம் உச்சத்துக்கு வந்தது. பக்தாதை விட்டுப் போவோம் என்று ஒரு நாள் முடிவெடுப்பார்கள், மறுநாள் மனம் மாறும். ஏறத்தாழ ஆறு மாதங்கள் இப்படியே போயின. கடைசியில் நாக்கு கட்டுண்டது. வகுப்புக்கு வரும் மாணவர்களின் மனதைச் சந்தோஷப்படுத்தவாவது ஒரு நாள் பாடம் நடத்த முயன்றார்கள், ஒரு சொல்லும் வரவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. வைத்தியர்கள் வந்து பார்த்துவிட்டு, இது உள்ளத்திலிருந்து வந்த நோய், உள்ளம் அமைதியானால்தான் தீரும் என்று கைவிட்டார்கள்.

அந்த ஆண்டு துல்கஃதா மாதம் இமாம் அவர்கள் பக்தாதை விட்டுப் புறப்பட்டார்கள். தடுத்துவிடுவார்கள் என்பதால் மக்கா செல்வதாகவே மற்றவர்களுக்குச் சொன்னார்கள். குடும்பத்துக்குப் போதுமானதை வைத்துவிட்டு மீதிச் சொத்தைப் பகிர்ந்து கொடுத்தார்கள். நிழாமிய்யாவில் பாடம் நின்றுவிடாமல் சகோதரர் அஹ்மத் அந்த இடத்தில் கற்பித்தார். மாணவர்களை அந்தரத்தில் விட்டுவிட்டு அவர்கள் போகவில்லை.

டமஸ்கஸில் ஏறக்குறைய இரண்டு வருடங்கள் தங்கினார்கள். பெரிய பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டு பகல் முழுவதும் தனிமையில் இருப்பார்கள். பைத்துல் முகத்தஸுக்கும், நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் அடங்கியுள்ள ஹெப்ரோனுக்கும் சென்றார்கள். இனி ஆட்சியாளரின் அவைக்குப் போவதில்லை, அவர்களின் பணத்தை ஏற்பதில்லை, வாதப் போட்டிகளில் இறங்குவதில்லை என்று ஹெப்ரோனில் உறுதி எடுத்துக்கொண்டார்கள். ஹஜ்ஜையும் நிறைவேற்றினார்கள். பின்னர் பிள்ளைகளின் அழைப்பு ஊருக்கு இழுத்தது. தூஸுக்குத் திரும்பியும் தனிமையைப் பேணினார்கள். இஹ்யா உலூமித்தீன் எழுதப்பட்டது இந்தத் தனிமைக் காலத்தில்தான்.

40 நூல்களாகப் பிரிக்கப்பட்ட அந்தப் பெருநூல் ஆரம்பிப்பதே அறிவு பற்றிய நூலுடன்தான். அதில் மாணவருக்குரிய கடமைகள் 10 என்றும், ஆசிரியருக்குரிய கடமைகள் 8 என்றும் வகுத்திருக்கிறார்கள். நிழாமிய்யாவின் வகுப்பைத் தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்த ஓர் ஆசிரியர் எழுதிய பட்டியல் என்று அதை வாசிக்கும்போது, ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஓர் அனுபவம் இருப்பது தெரியும்.

முதல் கடமை இரக்கம். மாணவரைத் தன் சொந்தப் பிள்ளையைப் போல் பார்க்க வேண்டும். ஒரு கட்டத்துக்குத் தகுதி வருமுன் மாணவரை அடுத்த கட்டத்துக்குத் தள்ளக் கூடாது என்பதும் கடமைகளில் ஒன்று. பாடத்திட்டம் முடிந்துவிட்டது என்ற நிம்மதியில், எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளையையும் மேல் வகுப்புக்கு அனுப்பிவிடும் நமது வழக்கத்துக்கு இது நேரடியான பதில்.

தவறு செய்யும் மாணவரைத் திருத்தும் முறை பற்றியும் இமாம் அவர்கள் எழுதினார்கள். முடிந்தவரை மறைமுகமாக, சாடையாகச் சொல்ல வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் ஏசித் திருத்தினால் மாணவரின் பயமும் மரியாதையும் போய்விடும், அதே தவறைச் செய்யும் துணிச்சலும் பிடிவாதமும்தான் வளரும் என்பது அவர்களின் விளக்கம். பாடசாலையை இடைநடுவில் விட்ட பிள்ளைகளில் பலர், புள்ளி குறைந்ததைவிட ஒரு நாள் வகுப்பு முழுவதும் தன்னைப் பார்த்துச் சிரித்ததைத்தான் நீண்ட நாள் நினைவில் வைத்திருப்பார்கள்.

இன்னொரு கடமை, தான் கற்பிக்காத பாடங்களை மாணவர் முன் இழிவாகப் பேசாதிருப்பது. மொழி கற்பிப்பவர் பிக்ஹைக் குறைத்துப் பேசுவதும், பிக்ஹு கற்பிப்பவர் ஹதீஸையும் தப்ஸீரையும் குறைத்துப் பேசுவதும் அக்காலத்திலேயே நடந்திருக்கிறது. இன்று கணித, விஞ்ஞானப் பிரிவுக்காரர் கலைப் பிரிவைக் கேலி பண்ணுகிறார். பாடசாலை ஆசிரியர் மத்ரஸாவையும், மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவர் பாடசாலையையும் குறை சொல்கிறார். நடுவில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டிலுமே மதிப்பு இல்லாமல் போகிறது.

மாணவரின் விளக்கத்துக்கு ஏற்ற அளவில் பேச வேண்டும் என்பதையும் வலியுறுத்தினார்கள். நற்குணப் பயிற்சி பற்றிய நூலில், எல்லா நோயாளிகளுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கும் வைத்தியர் பெரும்பாலானவர்களைக் கொன்றுவிடுவார் என்று உதாரணம் காட்டி, எல்லோரையும் ஒரே முறையில் வழிநடத்துவதும் அப்படித்தான் என்று விளக்குகிறார்கள். அதே நூலில் சிறு பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது, ஓதி முடித்த பிறகு விளையாட விட வேண்டும், விளையாட்டைத் தடுத்து எந்நேரமும் படிப்பிலேயே வைத்திருந்தால் பிள்ளையின் உள்ளம் செத்துவிடும், புத்தி மழுங்கிவிடும், அதிலிருந்து தப்பிக்கத் தந்திரம் தேட ஆரம்பிக்கும் என்று எச்சரிக்கிறார்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்காக 9, 10 வயதுப் பிள்ளைகளைக் காலை முதல் இரவு வரை வகுப்புகளுக்கு இழுத்தடிக்கும் நாட்டில், 900 வருடங்களுக்கு முந்திய இந்த எச்சரிக்கை பெற்றோருக்கும் சேர்த்துத்தான்.

எட்டாவது கடமை, கற்பிப்பதற்கு ஏற்ப ஆசிரியர் நடப்பது. கம்பு கோணலாக இருந்தால் அதன் நிழல் நேராக விழாது என்பது அங்கே அவர்கள் தரும் உவமை.

ஹிஜ்ரி 499இல், கி.பி. 1106இல், நிழாமுல் முல்க்கின் மகன் பக்ருல் முல்க், நீஷாபூர் நிழாமிய்யாவுக்கு வந்து கற்பிக்கும்படி இமாம் அவர்களை வற்புறுத்தினார். 11 வருடத் தனிமைக்குப் பிறகு மீண்டும் வகுப்புக்கு வந்தார்கள். மக்களின் மார்க்கப் பற்று தளர்ந்திருக்கும் நேரத்தில் ஓய்வையும் நிம்மதியையும் விரும்பி ஒதுங்கியிருப்பது சரியா என்று தன்னையே கேட்டுக்கொண்டுதான் அந்த முடிவை எடுத்தார்கள். வெளியில் பார்ப்பவர்களுக்கு இது பழைய இடத்துக்குத் திரும்பியது போலத் தெரியலாம், உண்மையில் தான் திரும்பவில்லை என்று அல்முன்கித் நூலில் விளக்குகிறார்கள். முன்பு பதவியைப் பெற்றுத் தரும் கல்வியைக் கற்பித்ததாகவும், இப்போது பதவி ஆசையைக் கைவிடச் செய்யும் கல்வியைக் கற்பிப்பதாகவும் அந்த விளக்கம் அமைகிறது.

இதைச் சொன்னவர் அவர் மட்டுமல்ல. நீஷாபூரைச் சேர்ந்த அறிஞர் அப்துல் காபிர் அல்பாரிஸி, கஸ்ஸாலியை இளமையிலிருந்தே அறிந்தவர். பேச்சுத் திறமையினால் வந்த பெருமையும், மற்றவர்களை இளக்காரமாகப் பார்க்கும் குணமும் முன்பு அவரிடம் இருந்ததை அறிந்திருந்தார். திரும்பி வந்தவரின் பணிவு வேஷமாக இருக்கலாம் என்று முதலில் சந்தேகப்பட்டார். பல தடவை சந்தித்து, அவதானித்த பின்னரே, அது உண்மையான மாற்றம் என்று எழுதினார்.

சில காலத்தில் இமாம் அவர்கள் தூஸுக்குத் திரும்பி, தன் வீட்டின் அருகே மாணவர்களுக்கு ஒரு மத்ரஸாவும், ஸூபிகளுக்கு ஒரு தங்குமிடமும் அமைத்தார்கள். ஹிஜ்ரி 504இல் பக்தாத் நிழாமிய்யாவின் அதே பழைய பீடத்துக்கு மீண்டும் அழைப்பு வந்தது. இமாம் அவர்கள் மறுத்தார்கள். ஹெப்ரோனில் எடுத்த உறுதியையும் குடும்பத்தையும் காரணம் காட்டியதோடு, தூஸில் தன்னிடம் 150 மாணவர்கள் படிக்கிறார்கள், அவர்களால் பக்தாதுக்கு வர இயலாது என்பதையும் குறிப்பிட்டார்கள். ஒரு காலத்தில் 300 பேரின் வகுப்பில் பெயரைத் தேடியவர், இப்போது 150 பேருக்காகப் பெரிய பெயரை வேண்டாம் என்றார்.

இந்த வாழ்க்கையைப் படித்துவிட்டு ஆசிரியர்கள் வேலையை விட்டுவிட வேண்டும் என்று யாரும் சொல்லப் போவதில்லை. 11 வருடமல்ல, 11 நாள் தனிமைகூட நம்மில் பலருக்குக் கிடைக்காது. சம்பளம் போதாமை, மேலதிக வேலை, தூர இடத்து இடமாற்றம் என்று ஆசிரியர்களின் சுமைகளும் சிறியவை அல்ல. ஆனால் இமாம் அவர்கள் செய்த அந்தக் கணக்குக்கு நீண்ட காலம் தேவையில்லை. இஹ்யாவில் சுயவிசாரணை பற்றிய நூலில் அதற்கு வியாபாரியைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். வியாபாரி தன் பங்காளியிடம் ஒவ்வொரு ஆண்டோ மாதமோ நாளோ முடியும்போது முதல், இலாபம், நட்டம் என்று பார்ப்பது போல, மனிதன் தன் நப்ஸிடம் கணக்குக் கேட்க வேண்டும். காலையில் அதனுடன் நிபந்தனை பேசி, நாள் முழுவதும் கண்காணித்து, இரவில் கணக்குப் பார்க்க வேண்டும். வியாபாரத்தில் பழகிய நம் சமூகத்துக்கு இந்த உதாரணத்தை விளக்கத் தேவையில்லை.

ஓர் ஆசிரியரின் கணக்குப் புத்தகம் அவருடைய வரவு இடாப்புத்தான். அலுமாரியில் வைக்குமுன் அதை ஒரு தடவை திறந்து, ஒவ்வொரு பெயராகப் பார்க்கலாம். இந்த ஆண்டில் நான் ஒரு தடவையாவது பெயர் சொல்லி அழைத்துப் பேசாத பிள்ளை யார்? எல்லோர் முன்னும் நான் தலைகுனிய வைத்த பிள்ளை யார்? விளங்கவில்லை என்று தெரிந்தும் நான் கடந்து போன பாடம் எது? புதிதாக நான் வாசித்தது என்ன? அதிபரோ பெற்றோரோ பார்க்காத நேரத்தில் என் பாடம் எப்படி இருந்தது? இவற்றுக்குக் கிடைக்கும் பதிலில் இருந்துதான் அடுத்த ஆண்டின் பாடக் குறிப்பு ஆரம்பிக்க வேண்டும். புதிய கற்பித்தல் முறைகளும் செயலமர்வுகளும் பல்லூடகத் திரைகளும் அவசியமானவை. இந்தக் கணக்கைப் பார்த்த ஆசிரியரின் கையில்தான் அவை பிள்ளைகளுக்குப் பயன்படும். அதிபர்களும் இதற்கு உதவலாம். ஆண்டு முடிவில் நடக்கும் ஆசிரியர் கூட்டத்தில் புள்ளி விபரங்களோடு இந்தக் கேள்விகளுக்கும் அரை மணித்தியாலம் ஒதுக்கினால், யாரையும் குற்றம் சொல்லாமல் ஒருவருக்கொருவர் கற்றுக்கொள்ள முடியும்.

இமாம் அவர்கள் தன் கடைசிக் காலத்தில் செய்தது, ஹதீஸ் கலை அறிந்தவர்களுடன் அமர்ந்து ஸஹீஹுல் புகாரியையும் ஸஹீஹ் முஸ்லிமையும் படித்தது. அந்தத் துறையில் தனக்குப் போதிய தேர்ச்சி இல்லை என்று அவர்கள் கருதினார்கள். எனவே, உலகமே ஆசிரியராக ஏற்றுக்கொண்ட பின்னரும் மாணவராகப் போய் உட்கார்ந்தார்கள். அந்தப் படிப்பின் நடுவிலேயே, ஹிஜ்ரி 505 ஜுமாதல் ஆகிரா 14, கி.பி. 1111 டிசம்பர் 18, திங்கட்கிழமை, தூஸில் வபாத்தானார்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஒவ்வோர் ஆசிரியருக்கும், ஆசிரியைக்கும் புதிய ஆண்டைத் தூய நிய்யத்துடன் ஆரம்பிக்கும் பாக்கியத்தைத் தருவானாக.